விழப்போகும் பல்லுக்கு எந்த மருந்து வைப்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பையனுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது. கீழே இடது பக்கம், கடைசியாக இருக்கும் பால் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. இனிப்போ முறுக்கோ அந்தப் பக்கம் பட்டால் "ஆ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறான். வாய் கொப்பளித்தால் உடனே சரியாகிவிடுகிறது. ராத்திரி எழுந்து அழுததில்லை, வீக்கமும் இல்லை. வழக்கமாகப் போகும் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "மேல் நரம்பை மட்டும் எடுத்து, ஃபார்மோகிரெசால் வைத்து, ஸ்டீல் கேப் போட்டுவிடலாம்" என்றார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், அது பிணத்தைப் பதப்படுத்தும் மருந்து, புற்றுநோய் வரும் என்று போட்டிருக்கிறது. பயந்துபோய் இன்னொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின்தான் வைப்பேன் என்கிறார், செலவு அதிகம். "திறந்து பார்த்து ரத்தம் நிற்கவில்லை என்றால் முழு வேர் சிகிச்சை ஆகும், அதற்குத் தனியாகப் பணம்" என்றும் சொல்கிறார். மாமியாரோ, "விழப்போற பல்லுக்கு எதுக்கு இத்தனை செலவு, பிடுங்கிப் போட்டுட்டு வா" என்கிறார். எந்த மருந்து நல்லது? முதல் டாக்டர் எங்களை ஏமாற்றப் பார்த்தாரா? — வாசகி, நாமக்கல்

பதில்: இல்லைம்மா, அவர் ஏமாற்றவில்லை. உங்கள் இரண்டு டாக்டர்களும் சொன்னது ஒரே சிகிச்சைதான், பல்போட்டமி என்று பெயர். வைக்கும் மருந்து மட்டும் வேறு. என்னைக் கேட்டால், கையில் காசு இருந்தால் எம்.டி.ஏ.வோ பயோடென்டினோ வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் பையன் பல் நிலைப்பதும் நிலைக்காததும் மருந்தின் பெயரைவிட வேறு இரண்டு விஷயங்களில்தான் அதிகம் இருக்கிறது. வேருக்குள் இருக்கும் நரம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்பது ஒன்று. சிகிச்சை முடிந்ததும் பல்லை எச்சில் புகாதபடி எவ்வளவு இறுக்கமாக மூடுகிறார்கள் என்பது மற்றொன்று.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் வீடுகளில் பாதி இதில்தான் தடுமாறுகின்றன. விழப்போகும் பல் என்பது உண்மைதான். எப்போது விழும் என்பதுதான் கேள்வி. நீங்கள் சொல்கிற அந்தக் கடைசிப் பால்பல் இரண்டு, இரண்டரை வயதில் முளைத்தது. பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள்தான் விழும். அதாவது இன்னும் நான்கைந்து வருடம் அதில் அவன் மென்று சாப்பிட வேண்டும். அதைவிட முக்கியம், ஆறு வயதில் அந்தப் பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது பால்பல்லின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டுதான் தன் இடத்துக்கு வருகிறது. இப்போது பிடுங்கிவிட்டால் புதுப் பல் முன்னால் சரிந்து அந்தக் காலி இடத்துக்குள் நகர்ந்துவிடும். பதினொரு வயதில் அங்கே வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போய், கோணலாக முளைக்கும். இல்லையென்றால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிடுங்கினால் அந்த இடத்தைக் காக்க ஒரு கம்பி போட வேண்டும். பின்பல் இன்னும் வெளியே வராத நிலையில் அந்தக் கம்பியைப் பொருத்துவதே தனி வேலை, அதற்கும் செலவு உண்டு. மாமியாரிடம் கணக்காகவே சொல்லிப் பாருங்கள்: இன்றைக்குப் பிடுங்குவது மலிவு, பன்னிரண்டு வயதில் பல் சீரமைப்புக்குக் கம்பி கட்டுவது மலிவில்லை.

இப்போது பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் நரம்பு என்று சொல்வது உண்மையில் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான சதை. தலைப்பகுதியில் ஒரு அறையாக இருந்து, கீழே வேர்களுக்குள் மெல்லிய இழைகளாக இறங்குகிறது. பால்பல்லில் மேல் ஓடு மெல்லிசு, உள்ளே அறை பெரிசு, அதனால் சொத்தை சீக்கிரம் சதையைத் தொட்டுவிடும். கிருமி முதலில் கெடுப்பது மேல் அறைச் சதையை. வேரில் இருப்பது கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கெட்ட மேல் பகுதியை மட்டும் எடுத்து, வேர்ச் சதையை உயிரோடு விட்டு, அதன் வாயில் ஒரு மருந்தை வைத்து மூடுவதுதான் பல்போட்டமி. வேர்ச் சதையும் கெட்டிருந்தால் அதையும் வழித்தெடுத்து, வேர்க் குழாய்களை நிரப்ப வேண்டும். அது பல்பெக்டமி. "முழு வேர் சிகிச்சை" என்று உங்களிடம் சொன்னது அதைத்தான்.

வேர்ச் சதை நன்றாக இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது ரத்தம். மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, சொத்தையைச் சுத்தம் செய்து அறையின் கூரையைத் திறந்ததும் சிவப்பாக ரத்தம் வரும். மேல் சதையை வெட்டியெடுத்துவிட்டு, சலைனில் நனைத்த சின்னப் பஞ்சு உருண்டையை வேர் வாய்களின் மேல் வைத்து மெதுவாக அழுத்திப் பிடிப்போம். ஐந்து நிமிடத்துக்குள் ரத்தம் நின்று, அறையின் தரை சுத்தமாகத் தெரிந்து, வேர்களின் வாய் இளஞ்சிவப்புப் புள்ளிகளாக இருந்தால் அந்தச் சதை பிழைக்கும். கருஞ்சிவப்பாகக் கசிந்துகொண்டே இருந்தால் வீக்கம் வேருக்குள் இறங்கிவிட்டது. திறந்ததும் ரத்தமே இல்லாமல் சீழோ வாடையோ வந்தால் அது செத்துப்போன சதை. இந்த இரண்டிலும் பல்போட்டமி செய்து எந்த விலையுயர்ந்த மருந்தை வைத்தாலும் பலன் இல்லை.

அதனால் "ரத்தம் நிற்கவில்லை என்றால்" என்று இரண்டாவது டாக்டர் சொன்னது பணம் பறிக்கும் பேச்சு இல்லை. அதை முன்கூட்டியே சொல்லிவைக்கும் டாக்டரை நான் நம்புவேன். "கண்டிப்பாக பல்போட்டமிதான், மாறவே மாறாது" என்று திறப்பதற்கு முன்பே உறுதி கொடுப்பவரிடம்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

உங்கள் பையன் விஷயத்தில் அறிகுறிகள் நல்லவை. எதையாவது சாப்பிடும்போது மட்டும் வலித்து, உடனே அடங்குகிறது. தானாக வலிப்பதில்லை, தூக்கம் கெடவில்லை. இது சதை இன்னும் தேறக்கூடிய நிலையில் இருப்பதைக் காட்டுகிறது. இதற்கு மாறாக ராத்திரி வலி, ஈறில் கொப்புளம், பல் ஆட்டம், எக்ஸ்ரேயில் வேர்கள் பிரியும் இடத்தில் கருமை என்று ஏதாவது இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு நான் எழுதும் பதிலே வேறு.

சரி, மருந்துகள். ஃபார்மோகிரெசாலில் இருந்து தொடங்குகிறேன், உங்கள் பயம் அதில்தானே. 1904-ல் பக்லி என்ற அமெரிக்கர் கொடுத்த கலவை இது: 19 சதவீதம் ஃபார்மால்டிஹைடு, 35 சதவீதம் கிரெசால், மீதி கிளிசரினும் தண்ணீரும். 1930-களில் இருந்து பால்பல்லில் பயன்படுகிறது. உலகம் முழுவதும் இரண்டு, மூன்று தலைமுறைக் குழந்தைகளின் பல்லைக் காப்பாற்றியது இதுதான். அந்தக் காரமான மருந்து வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது. பழைய கிளினிக்குகளுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவதில் அதற்கும் பங்கு உண்டு. பஞ்சு உருண்டையில் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு, சில நிமிடங்கள் வேர் வாயின் மேல் வைத்து எடுத்துவிடுவார்கள். பலர் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்தே பயன்படுத்துகிறார்கள். தொட்ட இடத்துச் சதையை அது அப்படியே உறையவைத்துவிடும். கிருமி வளராது, சதையும் அழுகாது, ஆனால் அந்தப் பகுதிக்கு உயிர் இருக்காது. காப்பாற்றுவதைவிடப் பதப்படுத்துவது என்று சொன்னால் பொருத்தம். இணையத்தில் நீங்கள் படித்தது அந்த அளவில் சரி.

புற்றுநோய்ப் பயத்துக்கும் அடிப்படை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் தொழிற்சாலைகளிலும் பிணவறைகளிலும் வருடக்கணக்கில் அந்த ஆவியைச் சுவாசித்தவர்களை வைத்து எடுத்தது. ஒரு பல்லில் சில நிமிடம் வைத்த பஞ்சு அந்தக் கணக்கில் வராது. மயக்க மருந்து கொடுத்துப் பல் சிகிச்சை செய்த குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. இயல்பாகவே ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு மேல் ஃபார்மால்டிஹைடு அதில் தெரியவில்லை. ஆமாம், நம் எல்லோர் உடம்பும் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடைத் தானே உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் உறவில் வேறு ஏதாவது குழந்தைக்கு ஏற்கெனவே இது வைத்திருந்தால் பதறித் தோண்டியெடுக்கச் சொல்லாதீர்கள். எனக்கு இதில் கவலை உண்டென்றால், அது தினமும் அந்தப் புட்டியைத் திறந்து மூடும் உதவியாளரைப் பற்றித்தான். இன்னொன்று, ரப்பர் விரிப்பு இல்லாமல் வைத்து ஈறில் பட்டால் வெந்துவிடும்.

அடுத்தது ஃபெரிக் சல்ஃபேட். 15.5 சதவீதக் கரைசல். பதினைந்து வினாடி தடவிவிட்டுக் கழுவினால் போதும். ரத்தத்தில் உள்ள புரதத்தோடு சேர்ந்து நுண்குழாய்களின் வாயை அடைத்துவிடும். விலை மலிவு, வேலை வேகம், ஃபார்மால்டிஹைடு பயமும் இல்லை. குழந்தை நாற்காலியில் உட்கார மறுத்து அடம்பிடிக்கும்போது இந்தப் பதினைந்து வினாடியின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கெட்டுப்போன சதையின் ரத்தத்தையும் இது கட்டாயமாக நிறுத்திவிடும். நான் மேலே சொன்ன அந்த ரத்தப் பரிசோதனையே அப்போது பொய்யாகிவிடும். முதலில் வெறும் ஈரப் பஞ்சால் ரத்தம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் இதைத் தொட வேண்டும்.

கால்சியம் ஹைட்ராக்சைடைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மூன்றாவதாக யாராவது "விலை குறைவு, நல்ல மருந்து" என்று சொல்லலாம். பெரியவர்களின் நிரந்தரப் பல்லில் அதற்கு நல்ல பெயர் உண்டு. பால்பல் பல்போட்டமியில் மட்டும் வேண்டாம். உள்ளிருந்தே வேரை அரிக்கும் கோளாறு இதில் அதிகம் வருகிறது. வெளியே வலி தெரியாது. ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் வேரின் நடுவே ஓட்டை தெரியும்.

எம்.டி.ஏ. என்பது 1990-களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினஜாத் குழுவினர் கொண்டுவந்தது. கட்டட வேலைக்கு வாங்கும் போர்ட்லாண்ட் சிமென்ட்டின் சுத்திகரித்த உறவினர்தான், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்திருப்பார்கள். மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்தால் ஈர மணல் போல இருக்கும். வேர் வாயில் வைத்து ஈரப் பஞ்சால் தட்டிவிட வேண்டும். முழுதாக இறுக ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். இதன் சிறப்பு, சதையைக் கொல்லாமல் விடுவதுதான். இறுகும்போது கால்சியம் கசிந்து, அடியில் இருக்கும் உயிருள்ள சதை தனக்கு மேல் தானே ஒரு புது ஓடு கட்டிக்கொள்கிறது. ஈரத்திலும் இறுகும், நன்றாக அடைக்கும். பல் சாம்பல் நிறமாக மாறும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். மாறும்தான், ஆனால் மேலே ஸ்டீல் கேப் வரும்போது அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

பயோடென்டின் அதே குடும்பம், 2009 வாக்கில் பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனம் கொண்டுவந்தது. பிஸ்மத்துக்குப் பதில் ஜிர்கோனியம், அதனால் நிறம் அவ்வளவாக மாறாது. பன்னிரண்டு நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் அதே நாளில் கேப் வரை முடித்து அனுப்பலாம். விலைக்குக் காரணம் அதன் பொட்டலம்: கேப்சூலுக்குள் ஐந்து சொட்டு திரவம் விட்டு, இயந்திரத்தில் முப்பது வினாடி குலுக்க வேண்டும். குலுக்கியதை எடுத்துவைத்து அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்த முடியாது. உங்கள் பையன் பல்லுக்குத் தேவை அதில் ஒரு சிறு பங்குதான், ஆனால் முழு கேப்சூலுக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். இரண்டு பல்லுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒரே நாளில் செய்ய முடியுமா என்று கேளுங்கள், செலவு குறையலாம். ஃபார்மோகிரெசால் புட்டி ஒன்று மாதக்கணக்கில் வரும். உங்கள் ஊரில் விலை வித்தியாசம் முக்கியமாக இதனால்தான், யாருடைய பேராசையாலும் இல்லை.

ஒப்பிட்டால் எது ஜெயிக்கிறது? 2017-ல் அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலுக்காக எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு வருட முடிவில் எம்.டி.ஏ. வைத்த பற்களில் 89.6 சதவீதமும், ஃபார்மோகிரெசால் வைத்தவற்றில் 85 சதவீதமும் நன்றாக இருந்தன. அந்த வித்தியாசத்தைப் புள்ளியியல் கணக்கில் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கழகம் இரண்டையுமே அப்போது உறுதியாகப் பரிந்துரைத்தது, கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டாம் என்றது. மறு வருடம், 2018-ல், 87 ஆய்வுகளையும் 7,140 பற்களையும் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் தொகுப்பு வந்தது. அதில் எம்.டி.ஏ. தோற்ற பற்கள் ஃபார்மோகிரெசாலைவிடக் குறைவு. இதை எல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் எம்.டி.ஏ., பயோடென்டின் பக்கம் இருக்கிறேன். ஆனால் முதல் டாக்டர் வழியில் போனாலும் நூறில் எண்பத்தைந்து பற்கள் இரண்டு வருடம் கழித்தும் நன்றாகத்தான் இருந்தன என்பதையும் பாருங்கள். அவரைத் திட்ட அங்கே ஒன்றுமில்லை.

அதே 2017 தொகுப்பில் எனக்குப் பிடித்த எண் வேறொன்று. சொத்தையின் கடைசி மெல்லிய படலத்தை எடுக்காமல் விட்டு, சதையைத் திறக்காமலேயே மேலே மருந்து வைத்து மூடும் சிகிச்சை ஒன்று உண்டு. அதில் இரண்டு வருடத்துக்குப் பின் 94.4 சதவீதம் நன்றாக இருந்தன. உங்கள் பையனுக்கு இருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், இது முடியுமா என்று இரண்டு டாக்டர்களிடமும் கேட்பது நியாயம். எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் சதைக்கும் நடுவே ஒரு கோடு அளவுக்கு நல்ல பல் தெரிந்தால் நான் முதலில் இதைத்தான் முயல்வேன். முடிந்தால் மருந்துப் பஞ்சாயத்தே இல்லை. சொத்தை ஏற்கெனவே சதைக்குள் இறங்கிவிட்டது என்றால் பல்போட்டமிக்கு வந்துவிடலாம்.

எந்த வழியானாலும் ஸ்டீல் கேப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். செலவைக் குறைக்கிறேன் என்று "மருந்து மட்டும் வையுங்கள், கேப் பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லும் பெற்றோர் நிறைய. விலையுயர்ந்த எம்.டி.ஏ. வைத்து மேலே சாதாரண அடைப்போடு அனுப்பினால், ஆறு மாதத்தில் ஓரம் உடைந்து எச்சில் இறங்கிவிடும். காசு இடித்தால் மருந்தில் குறைத்து கேப்பில் போடுங்கள். வெள்ளை நிற ஜிர்கோனியா கேப் அழகுதான், ஆனால் பின்பல்லுக்கு அது அவசியமில்லை. பல்லையும் அதிகம் செதுக்க வேண்டியிருக்கும்.

பணம்தான் தடை என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சேலம், திருச்செங்கோடு பகுதிகளில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே குழந்தைகள் பல் பிரிவில் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். கட்டணம் குறைவு, நேரம்தான் கொஞ்சம் பிடிக்கும். பிறவி இதய நோய், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும் சிகிச்சை என்று பையனுக்கு ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சில சமயம் பிடுங்குவதே பாதுகாப்பு.

முதல் டாக்டரிடமே திரும்பப் போவதில் தயக்கம் வேண்டாம். "எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் வைப்பீர்களா, எவ்வளவு ஆகும்? ரப்பர் விரிப்பு மாட்டுவீர்களா? கேப் அதே வாரத்தில் வருமா?" என்று போனிலேயே கேளுங்கள். நேரான பதில் கிடைத்தால் அவரிடமே செய்துகொள்ளலாம். பையனுக்குப் பழகிய முகம் என்பது பெரிய அனுகூலம். காலை நேரமாக வாங்கிக்கொண்டு, வயிறு நிறைய சாப்பிடவைத்து அழைத்துப் போங்கள். கீழ்ப்பல்லுக்கு ஊசி போட்டால் உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை எதையும் மெல்லக் கொடுக்காமல், அவன் உதட்டைக் கடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள், வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரேயாவது எடுக்கச் சொல்லுங்கள். இடையில் அந்த ஈறில் சிறு கொப்புளம் தெரிந்தால், வலி இல்லையென்றாலும் அதே வாரம் போய்விடுங்கள். அப்படியே வலது பக்கத்தில் அதே பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இவ்வளவு ஆழமாகச் சொத்தை இருக்கும் வாயில், மறுபக்கமும் பெரும்பாலும் தொடங்கியிருக்கும்.